1985: வேலிக்குள் அகப்பட்ட காற்பந்து

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'காற்பந்து வரலாற்றில் மறக்க முடியாத ஓர் ஆண்டு' என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலோர் 1986-ஐ எடுத்துக்கொள்வார்கள். மரடோனா இருக்கிறார், அவருடைய கை இருக்கிறது, பேசுவதும் சுலபம். நான் அதற்கு முந்திய ஆண்டை எடுத்துக்கொண்டேன். 1985-இல் உலகக் கிண்ணம் நடக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் மே மாதத்தில் 18 நாள் இடைவெளியில் நடந்த இரண்டு துயரங்கள், இன்று வார இறுதி இரவுகளில் நாம் விழித்திருந்து பார்க்கும் இங்கிலாந்துக் காற்பந்தையே மாற்றிவிட்டன.

முதலில் அந்தக் காலத்து அரங்கங்களைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு கோல் முனைகளுக்கும் பின்னால் இருக்கைகள் கிடையாது. சிமெண்டுப் படிகளில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். ரசிகர்கள் திடலுக்குள் இறங்கி அடிதடியில் ஈடுபடாமலிருக்கப் பல அரங்கங்களில் உயரமான இரும்பு வேலி. காலித்தனம் உண்மையாகவே இருந்தது, அதை மறுக்க முடியாது. 1985 மார்ச் 13-ஆம் தேதி லூட்டன் திடலில் மில்வால் ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கிக் காவல்துறையினர் மீது வீசியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பிரதமர் மார்கரெட் தாட்சர் காற்பந்துச் சங்கத்தாரை அழைத்துக் கேள்வி கேட்டார். செல்சி குழுவின் தலைவர் கென் பேட்ஸ் ஒருபடி மேலே போய், மாட்டுப் பண்ணையில் போடுவதுபோல ஒரு மின்வேலியையே தம் அரங்கத்தில் போட்டுவிட்டார். லண்டன் பெருநகர மன்றம் அனுமதி மறுத்ததால் அதில் மின்சாரம் பாயவில்லை. ரசிகன் எப்படிப் பார்க்கப்பட்டான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் மே 11 வந்தது. பிராட்ஃபோர்டு, வட இங்கிலாந்தின் கம்பளி ஆலை நகரம். பிராட்ஃபோர்டு சிட்டி குழு அந்தப் பருவத்தில் மூன்றாம் பிரிவின் வெற்றியாளர். வேலி பரேட் அரங்கில் லிங்கன் சிட்டியுடன் கடைசி ஆட்டம், ஆட்டத்துக்கு முன்பே கிண்ணமும் கொடுத்தாகிவிட்டது. கொண்டாட்டத்துக்கு 11,000-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். முதன்மைப் பார்வையாளர் மாடம் 1900-களின் தொடக்கத்தில் மரத்தால் கட்டப்பட்டது. பலகைகளுக்கிடையே இடுக்குகள். அவற்றின் வழியாகப் பல ஆண்டுகளாக விழுந்த குப்பை கீழே அப்படியே கிடந்தது. தீக்குப் பிறகு தோண்டிப் பார்த்தபோது 1968-ஆம் ஆண்டின் நாளிதழ்கூடக் கிடைத்தது. இந்தக் குப்பை ஆபத்தானது என்று வட்டார மன்றம் 1984-லேயே கடிதம் எழுதியிருந்தது. பழைய கூரையை மாற்ற இரும்பும் வந்து இறங்கியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை வேலை தொடங்குவதாக ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை முற்பாதி ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், யாரோ கீழே போட்ட நெருப்புத் துண்டு குப்பையில் பற்றியது. நான்கு நிமிடத்துக்குள் மாடம் முழுவதும் தீ. தீயணைப்புக் கருவிகளைக் குறும்பர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று அங்கிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். வந்த வழியே வெளியேறலாம் என்று பின்பக்கம் ஓடியவர்களுக்குச் சுழல் வாயில்கள் பூட்டிக் கிடந்தன. பலர் அங்கேயே மாண்டார்கள். மொத்தம் 56 உயிர்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாடத்துக்கு முன்னால் வேலி இல்லை, தாழ்வான சுவர் மட்டும்தான். முன்பக்கம் வந்தவர்கள் அதைத் தாண்டிக் குதித்துத் திடலுக்குள் ஓடித் தப்பினார்கள். இளைஞர்கள் முதியவர்களைத் தூக்கி இறக்கினார்கள். யார்க்‌ஷயர் தொலைக்காட்சியின் கேமராக்கள் ஆட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்ததால் இத்தனையும் ஒளிப்பதிவாகியிருக்கிறது. என் துறையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேலி மட்டும் இருந்திருந்தால் இறந்தவர்களை நூற்றுக்கணக்கில் எண்ணியிருப்பார்கள்.

இந்தப் பாடம் மனத்தில் பதிவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. இடையில், மே 19-இல் பெய்ஜிங் தொழிலாளர் அரங்கில் ஹாங்காங்கிடம் சீனா 1-2 என்று தோற்று உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேற, அங்கேயும் கலவரம். அது தனிக் கதை.

மே 29, பிரஸ்ஸல்ஸ், ஹெய்சல் அரங்கம். ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலும் யுவெந்தஸும். 1930-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் நொறுங்கிக்கொண்டிருந்தது. லிவர்பூல் ரசிகர்களுக்குப் பக்கத்திலிருந்த 'இசட்' பகுதி நடுநிலையாளர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது, ஆனால் அங்கே நின்றவர்களில் பலர் இத்தாலியர்கள். நடுவே ஒரு மெல்லிய கம்பிவலை, சில காவலர்கள். ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு லிவர்பூல் ரசிகர்கள் வலையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்கள். பின்வாங்கிய கூட்டம் ஓரச் சுவரோடு நசுங்கியது, சுவரும் சரிந்தது. 39 பேர் இறந்தனர், அவர்களில் 32 பேர் இத்தாலியர்.

ஆட்டத்தை ரத்துச் செய்தால் இன்னும் கலவரம் மூளும் என்று சொல்லி, தாமதமாக நடத்தியே முடித்தார்கள். பிளாட்டினியின் பினால்டியால் யுவெந்தஸ் 1-0 என வென்றது. மேற்கு ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி ஆட்டத்தை ஒளிபரப்ப மறுத்தது. ஆஸ்திரியாவில் வர்ணனை இல்லாமல் காட்டினார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஜெர்மானியர் செய்ததைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 2-இல் இங்கிலாந்துக் குழுக்கள் அனைத்துக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் தடை. அது ஐந்து ஆண்டு நீடித்தது, லிவர்பூலுக்கு ஆறு. பாவம், எவர்டன்! அந்த ஆண்டு லீக் வெற்றியாளரும் அவர்களே, ஐரோப்பிய வெற்றிக்கிண்ணக் கோப்பையை வென்றவர்களும் அவர்களே. செய்யாத குற்றத்துக்கு அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் விலை கொடுத்தார்கள். ஒப்பந்தத் தகராற்றால் ஆகஸ்டு முதல் ஆண்டு முடியும்வரை லீக் ஆட்டங்கள் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் வரவுமில்லை.

நீதிபதி பாப்பிள்வெல் பிராட்ஃபோர்டு பற்றி விசாரித்தார். வேலிகளில் திறக்கக்கூடிய வாயில்கள் இருக்க வேண்டும், அங்கே ஆள் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னார். மர மாடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது, சட்டமும் இறுகியது. ஆனால் ஹெய்சலுக்குப் பிறகு எல்லார் காதிலும் விழுந்தது 'அடக்கி வை' என்ற ஒரே சொல்தான். வேலிகள் அப்படியே நின்றன.

நான்கு ஆண்டு கழித்து, 1989 ஏப்ரல் 15-இல், ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கம். பட்டிபோலத் தடுத்த இரண்டு பகுதிகளில் லிவர்பூல் ரசிகர்கள் அளவுக்கு மீறி அனுமதிக்கப்பட்டார்கள். வேலியோடு நசுங்கியவர்கள் ஏறித் தப்ப முயன்றபோது, கலகம் செய்ய வருகிறார்கள் என்றே காவலர்கள் முதலில் எண்ணினார்கள். 97 பேர் மாண்டனர். கடைசி மனிதர் 2021-இல்தான் இறந்தார். அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மீது தவறில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 வரை குடும்பத்தார் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகே வேலிகள் இறங்கின. 1990 ஜனவரியில் வெளிவந்த நீதிபதி டெய்லரின் அறிக்கை, பெரிய அரங்கங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றது. 1992-இல் பிரிமியர் லீக் பிறந்தது. இருக்கை வந்ததும் நுழைவுச்சீட்டின் விலையும் ஏறியது. அதைப் பற்றி அடுத்துப் பேசவிருக்கும் நண்பர் சொல்வார்.