பார்க் ஹில்: சட்டகத்திலிருந்து செங்கல்லுக்கு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் நிற்கிறது பார்க் ஹில் குடியிருப்பு. ஜாக் லின், ஐவர் ஸ்மித் என்ற இரு இளம் கட்டடக் கலைஞர்கள் வடிவமைக்க, 1957 முதல் 1961 வரை நகராட்சி கட்டியது. ஏறத்தாழ ஆயிரம் வீடுகள். சரிவில் தரை இறங்க இறங்கக் கூரை மட்டம் மட்டும் மாறாது. ஒரு முனையில் 4 தளம், மறுமுனையில் 13.

குடியிருப்பு முழுமைக்கும் பொது வெப்பமூட்டும் அமைப்பு இருந்தது. சுவர் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்று கேட்க அன்று நாடு தழுவிய விதியே இல்லை. 1965-இல் வந்த கட்டட விதிகளும் சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு, 1.7 வாட் வரை கசிய அனுமதித்தன. இன்று புதுச் சுவருக்கு உச்சவரம்பு 0.26.

இத்தகைய கான்கிரீட் கட்டடங்களின் தீராத சிக்கல் தளத்தின் விளிம்பில் இருக்கிறது. கான்கிரீட் தளமும் உத்தரமும் உள்ளிருந்து வெளிமுகம் வரை ஒரே துண்டாக ஓடுகின்றன. குளிரும் அதே வழியாக உள்ளே வருகிறது. சுவருக்கு மட்டும் காப்பு ஒட்டினால் கூரை மூலை குளிர்ந்தே கிடக்கும். சமையலறை நீராவி அங்கே வியர்த்து, கரும்பூஞ்சை படரும். வெளியே போர்த்திவிட்டால் இது தீரும்; ஆனால் வெளியே தெரியும் கான்கிரீட் சட்டகம் மறைந்துபோகும்.

போருக்குப் பிந்தைய கட்டடங்களுக்கு 1987-இல்தான் இங்கிலாந்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம் கிடைத்தது. பார்க் ஹில் 1998-இல் இரண்டாம் நிலை நட்சத்திரத் தகுதி பெற்றது. பட்டியலிட்ட கட்டடத்தின் இயல்பு கெடுமானால் ஆற்றல் விதியைத் தளர்த்தலாம் என்று சட்டம் சொல்கிறது. எது இயல்பு என்பதில்தான் விவாதம்.

பார்க் ஹில் புதுப்பிப்பின் முதல் கட்டம் 2011-இல் முடிந்தது. அர்பன் ஸ்பிளாஷ் என்ற கட்டட மேம்பாட்டு நிறுவனத்துக்காக ஹாக்கின்ஸ் பிரவுன், ஸ்டூடியோ எக்ரெட் வெஸ்ட் கட்டடக் கலைஞர் குழுவினர் கான்கிரீட் சட்டகம் தவிர எல்லாவற்றையும் உரித்தெறிந்தனர். கருஞ்சிவப்பிலிருந்து வெளிர்நிறம் வரை மேலே போகப் போக நிறம் மாறிய செங்கல் போயிற்று. பளிச்சென்ற அலுமினியப் பலகையும் பெரிய கண்ணாடியும் வந்தன. 2013-இல் ஸ்டிர்லிங் கட்டடக்கலைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது.

2022-இல் முடிந்த இரண்டாம் கட்டத்தில், நார்விச்சில் மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கோல்ட்ஸ்மித் தெரு வீடுகளை வடிவமைத்த மிகைல் ரிச்சஸ் குழுவினர் எதிர்த்திசையில் நடந்தனர். செங்கல்லைச் சுத்தம் செய்து அப்படியே நிறுத்தி, காப்பை உட்புறமாக வைத்தார்கள். தளவிளிம்புச் சிக்கலை எதிர்கொண்டாக வேண்டிய கடினமான வழி இது; அறையின் பரப்பும் சற்றுக் குறையும். ஆனாலும் சரியான வழி இதுவே என்பது என் முடிபு. சுட்ட செங்கல்லில் செலவான எரிபொருள் ஏற்கெனவே செலவானது. அதை வீசிவிட்டு அலுமினியம் உருக்குவது இரட்டைச் செலவு. முதல் கட்டத்தில் சட்டகத்தை மட்டும் மரபாகக் கொண்டார்கள்; செங்கல் தோலும் மரபே என ஒப்பப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இதுவும் 2024-இல் ஸ்டிர்லிங் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

செங்கல்லில் ஏற்கெனவே செலவானதைக் கணக்கில் எடுக்கும் இடத்துக்கு விதிகள் இன்னும் வந்து சேரவில்லை. வீடு இயங்கச் செலவாகும் ஆற்றலை அளக்கும் இங்கிலாந்தின் கட்டட விதிகளில், கட்டுமானப் பொருளை உண்டாக்க வெளிவந்த கரிமத்துக்கு வரம்பு எதுவும் இல்லை.