வந்தியத்தேவன் யார் வீட்டுப் பிள்ளை?

சேத்தியாத்தோப்புன்னா முக்காவாசிப் பேருக்கு கும்பகோணம் போற வழியில ஒரு பஸ் ஸ்டாப். பக்கத்துல விருத்தாசலத்துக்காரங்க பீங்கானைக் காட்டிப் பெருமை பேசுவாங்க. நமக்கு வீராணம் ஏரி. சுமார் 14 கி.மீ. நீளம். 2004-லேர்ந்து அந்தத் தண்ணி குழாய் வழியா 200 கி.மீ.க்கு மேல ஓடி சென்னைக்குப் போகுது. இதைப் படிக்கிற சென்னைவாழ் மக்களே, காலைல நீங்க பல்லு விளக்கினது எங்க ஊர்த் தண்ணியா இருக்கலாம், ஞாபகம் வெச்சுக்குங்க :)

அதே ஏரிக்கரையிலதான் ஒரு ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றான். 'பொன்னியின் செல்வன்' அங்கதான் ஆரம்பம். 1950-லேர்ந்து 1954 வரைக்கும் 'கல்கி' வார இதழ்ல வந்த தொடர். அத்தனை பாகம் எழுதியும் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு கல்கி அடிச்சுச் சொல்லவே இல்லை. வாசகர்கள் விடாம கேட்டதால ஒரு முடிவுரை வேற எழுத வேண்டி வந்துச்சு. அந்த 1954 டிசம்பர்லயே அவர் காலமாயிட்டார்.

கொலைக்கு சாட்சி இருக்கிறதும் எங்க ஏரியாவுலதான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில்ல ஒரு கல்வெட்டு. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சியாண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு பேர் போட்டு, அவங்க சொந்தக்காரங்க நிலத்தையெல்லாம் பறிமுதல் பண்ணின சேதி இருக்கு. ஏன் கொன்னாங்க, யார் தூண்டினாங்கன்னு கல்லுல இல்லை. நீலகண்ட சாஸ்திரி ஒண்ணு சொல்வார், இன்னொருத்தர் மறுப்பார். அந்த ஓட்டையிலதான் கல்கி அஞ்சு பாகத்துக்கு வண்டி ஓட்டினார். அவரும் ஓட்டையை முழுசா அடைக்காம விட்டாரா.. பின்னாடி வந்தவங்க எல்லாம் வரிசை கட்டி நின்னுட்டாங்க.

அதுல முக்கியமானவர் விக்கிரமன். 'அமுதசுரபி'யோட ஆசிரியரா அரை நூற்றாண்டு இருந்தவர். கல்கி விட்ட இடத்துலேர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அப்புறம் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினாங்க. பாலகுமாரனோட 'உடையார்' தனி ரூட்டு, ஆனா 'பொன்னியின் செல்வன்' படிக்காம யாரும் அதைக் கையில எடுத்திருக்க மாட்டாங்கன்னு என் கணிப்பு. வெள்ளைக்காரன் ஃபேன் ஃபிக்‌ஷன்னு இப்ப பேர் வெச்சிருக்கிற சமாச்சாரம்தான். நாம தலைமுறை தலைமுறையா பண்ணிட்டிருக்கோம். (வால்மீகிக்கு அப்புறம் கம்பர் என்ன பண்ணினாராம்னு ஆரம்பிச்சா அடிக்க வருவீங்க. விட்டுடறேன்.)

சரி, இதுல துட்டு யாருக்கு? அங்கதான் மேட்டரே இருக்கு.

1958-ல எம்.ஜி.ஆர். இதைப் படமா எடுக்க ஆசைப்பட்டு உரிமையை விலை கொடுத்து வாங்கினார். படம் வரலை. 1999-ல, கல்கியோட நூற்றாண்டு வருஷம், தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. சட்டப்படி, எழுத்தாளர் செத்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கும். அதாவது 2014 கடைசி வரைக்கும். 15 வருஷம் முன்னாடியே கதவைத் திறந்து விட்டாங்க. அதுக்கப்புறம் எந்த புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் ஸ்டாலுக்கு ஸ்டால் பொன்னியின் செல்வன் அடுக்கி இருக்கும். 2022-லயும் 2023-லயும் மணிரத்னம் ரெண்டு படமா எடுத்தார். முதல் பாகம் மட்டுமே பல நூறு கோடி வசூல்.

எனக்கு இதுல வயித்தெரிச்சல் ஒண்ணும் இல்லை. நாட்டுடைமைங்கிற யோசனையே நம்ம ஊரு கண்டுபிடிப்புன்னு சொல்லலாம். பாரதி பாட்டோட சினிமா உரிமை ஏ.வி.எம். கையில இருந்துச்சு. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' (1948) படத்துல பாரதி பாட்டைப் போட, வழக்குன்னு வந்து நின்னுச்சு. ஊரெல்லாம் குரல் கொடுத்தாங்க. 1949-ல ஓமந்தூரார் அரசு உரிமையை எடுத்துகிச்சு, மெய்யப்பச் செட்டியாரும் காசு வாங்காமலே விட்டுக் கொடுத்தார். ஒரு கம்பெனி கையில சிக்கிக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்ச விஷயம் இது.

என் கேள்வி அடுத்த படி. ஏரி பொதுவாயிடுச்சு, சரி. அதுல நான் ஒரு வாய்க்கால் வெட்டினா, அந்த வாய்க்கால் யாருது?

சட்டத்தைக் கேட்டா, நான் புதுசா படைச்ச பாத்திரம், புது சம்பவம், என் வரிகள் எல்லாம் எனக்குத்தான் சொந்தம். ஆனா ஒப்பந்தம்னு ஒரு ஜந்து இருக்கே. 2013-ல அமேசான் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்'னு ஒண்ணு ஆரம்பிச்சான். சில டிவி தொடர்களுக்கு உரிமை வாங்கி வெச்சுகிட்டு, ரசிகர்களே, கதை எழுதுங்க, விற்கிறோம்னான். பெரிய கதைக்கு நிகர வருமானத்துல 35 சதவீதம், சின்னக் கதைக்கு 20. கேக்க நல்லா இருக்குல்ல? பொடி எழுத்துல என்னன்னா, கதையோட உரிமை காப்புரிமை காலம் முழுக்க அமேசானுக்கு. நீங்க கற்பனை பண்ணின புது பாத்திரத்தை மூலத் தொடர்காரன் எடுத்து டிவியில ஓட்டினாலும் தம்பிடி பேறாது. 2018-ல கடையைச் சாத்திட்டாங்க.

அதுக்கும் முன்னாடி 2007-ல 'ஃபேன்லிப்'னு ஒரு கம்பெனி. முதலீடு, விளம்பர வருமானம் எல்லாம் அவனுக்கு, யாராவது வழக்குப் போட்டா பொறுப்பு எழுதினவங்களுக்கு. மறு வருஷமே மூடினான்.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொல்றேன். நாட்டுடைமைங்கிறது பிஎஸ்டி லைசென்ஸ் மாதிரி. யார் வேணா எடுத்துக்கோ, பூட்டி வெச்சு வித்துக்கோ. ஜிபிஎல் மாதிரி, பொதுவுலேர்ந்து எடுத்தவன் திருப்பியும் பொதுவுல போடணும்னு விதி இல்லை. அதனால பொதுவான வந்தியத்தேவனை வெச்சு ஒரு பொண்ணு கதை எழுதினா, அந்தக் கதை நேரா ஒரு தனியார் பொட்டிக்குள்ள போய் உக்காந்துக்குது.

லாபம் பாக்கிறதே பாவம்னு நான் ஜல்லியடிக்க வரலை. 'கல்கி'யும் விற்கத்தான் அச்சடிச்சாங்க, 'அமுதசுரபி'யும் அப்படித்தான். ஆனா அட்டையில விக்கிரமன் பேர் இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கு. அவர் படைச்ச ஆளுங்க அவர் ஆளுங்க. இப்ப கேக்கிறது அப்படி இல்லை. இனிமே நீ நினைக்கப் போறதும் எங்களுதுங்கிறான். அதுதான் எனக்கு ஒத்துக்கலை.

எங்க சித்தப்பா பொண்ணு, தங்கச்சி முறை, ஒரு செயலியில தொடர்கதை எழுதிட்டிருந்தா. (எந்தச் செயலின்னு கேக்காதீங்க, சொல்றதா இல்லை.) வீரநாராயண ஏரியில மதகு பாத்துக்கிற ஒரு பொம்பளை. கடம்பூர் மாளிகையில கரிகாலன் செத்த ராத்திரி, கரையில நின்னுகிட்டு ஒண்ணைப் பாத்துடறா. பழுவேட்டரையர், நந்தினி எல்லாம் வந்துட்டுப் போவாங்க, ஆனா கதை மதகுக்காரியோடது. வயக்காட்டுல மதகுத் தண்ணிக்குக் காத்துக் கிடந்த வீட்டுப் பொண்ணு எழுதினது, அப்படியே தெரியும்.

நல்லாப் போச்சு. ஆடியோவா பண்றோம்னு ஒரு ஒப்பந்தம் வந்துச்சு, இங்கிலீஷ்ல. "அண்ணே, இதுல என்னதான் போட்டிருக்கான், கொஞ்சம் பாத்துச் சொல்லேன்"னு எனக்கு அனுப்பினா. ரெண்டு தடவை படிச்சேன். ஆடியோ, சினிமா, மொழிபெயர்ப்பு, இனிமே கண்டுபிடிக்கப் போற எல்லா ஊடகமும் அவனுக்கு. பாத்திரங்களும் அவனுக்கு. மதகுக்காரியை வெச்சு இவளே இன்னொரு கதை எழுதணும்னா அவன்கிட்ட அனுமதி கேக்கணும்.

அந்தப் பாத்திரம் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு பத்தியை மட்டும் எடுத்துடுங்கன்னு ரெண்டு பேருமா உக்காந்து மடல் எழுதினோம். ஸ்டாண்டர்ட் ஒப்பந்தம், மாத்த முடியாதுன்னு ரெண்டு வரியில பதில். கையெழுத்துப் போடலை. கதை 41-ஆவது அத்தியாயத்துல நிக்குது. மிச்சத்தை லாங் சைஸ் நோட்டுல எழுதி பீரோவுல வெச்சிருக்கா. மதகுக்காரி அன்னிக்கு ராத்திரி என்ன பாத்தாங்கிறது எனக்குத் தெரியும். கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.