சத்திரம்னு முடியுற ஊர்கள்

"உங்க ஊர் பேர்ல இருக்கிற அந்த ரெட்டியார் யாரு?" வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன். பேரோட பின்பாதியில் இருக்கிற சத்திரத்தைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னா, நானும் யோசிச்சதில்லை.

என் ஊர் ரெட்டியார்சத்திரம். திண்டுக்கல்லில் இருந்து பழனி ரோட்டில் சுமார் 12 கிலோமீட்டர். அதே ரோட்டில் மேற்கே போனா ஒட்டன்சத்திரம். அதையும் தாண்டினா சத்திரப்பட்டி. அப்புறம் பழனி. ஒரே ரோட்டில் மூணு சத்திரம். தைப்பூச சமயத்தில் எங்க ஊர் வழியா பாதயாத்திரை கூட்டம் போறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வழியெல்லாம் அன்னதானப் பந்தல் இருக்கும், மோர் கொடுப்பாங்க, கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கும். அந்தப் பந்தலை நிரந்தரமா கட்டி, செலவுக்கு நிலமும் எழுதி வச்சா அதுதான் சத்திரம். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய, இருநூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற கடற்கரைக்குப் போக வேண்டியிருந்தது.

போன பிப்ரவரியில் நானும் காலேஜ் நண்பன் ஒருத்தனும் காரை எடுத்துட்டுக் கிளம்பினோம். தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியா அதிராம்பட்டினம் போய், அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு, தெற்கே தனுஷ்கோடி வரைக்கும் போறதா பிளான். கடற்கரையைத் தொட்ட பிறகு ஒரே ஒரு கண்டிஷன்: ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டக் கூடாது. எங்கே டீக்கடை நல்லா இருக்கோ அங்கே நிறுத்திடணும்.

அதிராம்பட்டினம் தாண்டினா ராஜாமடம். அப்புறம் மல்லிப்பட்டினம், மனோரா. அடுத்து சேதுபாவாசத்திரம். அந்தப் போர்டைப் பார்த்ததும் நண்பன் சிரிச்சுட்டான். "மாப்ள, இங்கயும் உங்க ஊர் இருக்குடா!"

விளையாட்டா சொன்னாலும் சரியாத்தான் சொன்னான். எங்க ரோடு பழனிக்குப் போற ரோடு. இது சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரத்துக்குப் போற ரோடு. தஞ்சாவூர் மராத்திய அரசர்கள் தங்கள் தலைநகரில் இருந்து ராமேஸ்வரம் போற வழியிலும் கடலோரத்திலும் வரிசையா சத்திரங்கள் கட்டினாங்க. பல சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்களோட பேர். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒவ்வொண்ணுக்கும் கிராமங்களும் வயல்களும் மானியம். அந்த நெல்லில்தான் யாத்திரீகர்களுக்குச் சோறு.

இதைப் பத்தி நமக்குக் கிடைச்சிருக்கிற முக்கியமான ஆவணம் ஒரு கடிதம். எழுதியவர் இரண்டாம் சரபோஜி. 1798-ல் அரியணை ஏறினார். அடுத்த வருஷமே, 1799 ஒப்பந்தப்படி, நாட்டு நிர்வாகம் மொத்தமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. அரசருக்கு மிஞ்சியது தஞ்சாவூர்க் கோட்டையும் அதைச் சுத்தி இருந்த கொஞ்சம் இடமும், வருமானத்தில் ஒரு பங்கும்தான். இனி சத்திரங்களோட கதி என்ன? 1801-ல் சரபோஜி, கம்பெனியோட ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதுகிறார்.

சத்திரத்தில் என்னென்ன நடக்குதுன்னு அதில் விவரமா சொல்றார். வர்ற வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு. சமைச்சதைச் சாப்பிட விரும்பாதவங்களுக்கு அரிசியும் சாமானும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வாத்தியார் உண்டு. நோய்க்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள் உண்டு. வழியில் பெத்தவங்களை இழந்த குழந்தைகளுக்கு மூணு வேளை சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். சத்திரத்தில் குழந்தை பெத்த பெண்ணுக்கு எல்லாச் செலவும் சத்திரத்தோடது. அதுக்கப்புறம் மூணு மாசம் அங்கேயே தங்கலாம்.

மல்லிப்பட்டினத்தில் டீ குடிச்சுக்கிட்டே இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். "இது லெட்டர் இல்லடா மாப்ள. பட்ஜெட்டைக் கை வைக்க வர்ற கிளையண்டுக்குப் போட்ட பிரசன்டேஷன்"னான். எனக்கும் அப்படித்தான் தோணுது. பொய்னு சொல்லலை. ஆனா கேட்கிற இடத்தில் இருக்கிறவர், கொடுக்கிற இடத்தில் இருக்கிறவருக்கு எழுதினது. நல்லதை எல்லாம் முன்னாடி வச்சிருப்பார்.

அப்புறம் அவன் கேட்டான்: "எல்லாருக்கும்னா, யார் யாருக்கு?"

கடிதத்தில் அதுவும் இருக்கு. பிராமணர் தொடங்கி, தீண்டத்தகாதவங்கன்னு அன்னைக்கு ஒதுக்கி வச்சவங்க வரைக்கும், யோகிகள், பக்கீர்கள் உட்பட எல்லாருக்கும்னு சொன்னேன்.

"சரி. எங்க தாத்தனுக்குத் தாத்தன் இந்த வழியா நடந்து வந்திருந்தா, எங்க உக்கார வச்சுப் போட்டிருப்பாங்க? உள்ளயா, வெளியயா?"

நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் மெஸ்ஸில் பக்கத்து பக்கத்தில் உக்காந்து சாப்பிட்டிருக்கோம். அந்தக் கடிதத்தைப் பல தடவை படிச்சும் என் தலையில் இந்தக் கேள்வி வரலை. அவனுக்கு முதலில் வந்ததே இதுதான்.

கடிதத்தில் யாருக்குச் சோறுன்னு இருக்கு. எந்த இடத்தில்னு இல்லை. ஆனா அந்தக் கேள்விக்கு ஒரு பதில், நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, நாங்க அன்னைக்குத் தாண்டி வந்த அதே ஊர்களில் கிடைக்குது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திரச் சொத்து வருமானத்தில் மாணவர்களுக்கு இலவச விடுதிகள் நடந்தது. சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனா பலன் பிராமண மாணவர்களுக்குத்தான். 1920-களில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தலைவரா இருந்த நீதிக்கட்சிக்காரர் ஏ.டி. பன்னீர்செல்வம்தான் அந்த விடுதிகளை மத்த சாதி மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். திருவையாறு சம்ஸ்கிருதக் கல்லூரியில் தமிழுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். 1801-ல் பேப்பரில் இருந்த 'எல்லாரும்', அந்த விடுதிகளோட பந்திக்கு வர நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவும் ஒருத்தர் பதவிக்கு வந்து, உத்தரவு போட்ட பிறகுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் மனோரா போனோம். கடலைப் பார்த்து நிக்கிற அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு. இதையும் கட்டினவர் அதே சரபோஜி. நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் ஜெயிச்சதையும் கொண்டாட. வாட்டர்லூ வெற்றியின் நினைவுச்சின்னம்னு பலர் சொல்வாங்க. ஆனா கல்வெட்டில் இருக்கிற வருஷம் 1814. வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். நெப்போலியன் முதல் தடவை பதவி இழந்ததுக்கே இங்கே கோபுரம் எழும்பிடுச்சு. அவர் எல்பா தீவில் இருந்து தப்பித் திரும்பி வந்தது அதுக்கப்புறம்தான். டைம்ஸ்டாம்ப் பார்க்காம லாக் படிச்சா இப்படித்தான் ஆகும்.

இந்தக் கோபுரமும் அந்தக் கடிதமும் ஒரே ஆளுக்கு, அதாவது கம்பெனிக்குச் சொன்ன செய்திதான். ஒண்ணு, "நான் உங்க நண்பன்." இன்னொண்ணு, "இந்தச் சோத்தை மட்டும் நிறுத்திடாதீங்க." இன்னைக்கு டூரிஸ்ட் பார்க்க வர்றது கோபுரத்தை. ஆனா அந்த ராஜா செஞ்சதில் எனக்குப் பெருசாத் தெரியுறது சோறுதான், அதோட எல்லாக் குறையோடயும்.

மறுநாள் மீமிசல், தொண்டி வழியா தேவிபட்டினம். கடலுக்குள்ள இருக்கிற ஒன்பது கல்லைக் கும்பிட்டுட்டு ராமேஸ்வரம் போறது வழக்கம். இந்த நடைவழியோட கதையை மாத்தினது ரயில். திருச்சியில் இருந்து திண்டுக்கல் வழியா மதுரைக்கு 1875-ல் ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேஸ்வரத்துக்கே ரயில் போச்சு. வாரக்கணக்கில் நடந்தவங்க ராத்திரியோட ராத்திரியா போய்ச் சேர்ந்தாங்க. நடக்க ஆள் குறைஞ்சா சத்திரத்துக்கு என்ன வேலை? கடைசியா தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் புயல் அந்த ரயில் நிலையத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிடுச்சு. இடிஞ்ச சுவர் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்னோம்.

நாங்க மெதுவா போனது எங்க சௌகரியத்துக்கு. லீவு இருந்தது, பெட்ரோலுக்குக் காசு இருந்தது. நடந்து வந்தவங்களுக்கு மெதுவாத்தான் போக முடியும். வழியில் யாரோ உலை வச்சதால்தான் அவங்க உயிரோட போய்ச் சேர்ந்தாங்க.

உங்க ஊர் பேரிலும் சத்திரம், சாவடி, மடம்னு ஏதாவது இருக்கலாம். வீட்டில் பெரியவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. அதை யார் கட்டினது? அதில் யார் எங்கே உக்காந்து சாப்பிட்டாங்க? முதல் கேள்விக்குப் பதில் சட்டுனு வந்துடும். ரெண்டாவதுக்குக் கொஞ்சம் பொறுமையா உக்காந்து கேளுங்க. என் நண்பன்கிட்ட நான் இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.