முப்பது பேர் போன சுற்றுலா

சனி, ஞாயிறு எங்காவது போய் வரலாம் என்று நண்பர்கள் கூடினால் நாம் என்ன பேசுவோம்? எந்த ஊர், எத்தனை பேர், வண்டிக்கு என்ன செலவு, தங்கும் அறை நன்றாக இருக்குமா, அந்த ஊர்ச் சாப்பாட்டில் எது ருசி. 1934இல் புரட்சியாளர் அம்பேத்கரோடு இயக்க வேலை செய்துகொண்டிருந்த தோழர்களும் இப்படித்தான் கூடிப் பேசினார்கள். நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். மாநாடோ போராட்டமோ எதுவும் கிடையாது. வெரூல் என்று மராட்டியர் சொல்லும் எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்பேத்கர் என்றால் நமக்குக் கோட்டும் புத்தகமும் சட்டமும்தான் நினைவுக்கு வரும். அவர் முப்பது பேரோடு பேருந்திலும் காரிலும் புழுதி பறக்கச் சுற்றுலா போனார் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? இந்தக் கதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற அந்தச் சிறு நூல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல்தான் அச்சில் வந்தது. ஒரே மாலையில் படித்துவிடலாம்.

நாசிக்கில் கூடினார்கள். அங்கிருந்து ஏவலா வழியாக ஔரங்காபாத் போக வேண்டும். அது அன்று நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானம். பயணத் திட்டத்தை அவர்கள் யாருக்கும் அறிவிக்கவில்லை. வேண்டுமென்றேதான் மறைத்தார்கள். வெளியூரில் ஒரு தீண்டப்படாதவர் சுற்றுலாப் பயணியாக வந்திருக்கிறார் என்று தெரிந்தால் என்னென்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். யார் இவர்? கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர், நம் இரட்டைமலை சீனிவாசனோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து வாதாடியவர். பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. நாடே அறிந்த அந்த மனிதர், ஒரு குகையைப் பார்க்கத் தன்னை மறைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எங்கே இறங்கப் போகிறார்களோ அந்த ஊர்களில் இருந்த நம் மக்களுக்கு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தௌலதாபாத் ஊர் எல்லையில் அவர்கள் காத்து நின்றார்கள். இறங்குங்கள், தேநீரும் பலகாரமும் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குப் போகலாம் என்று கூப்பிட்டார்கள். வந்தவர்களுக்கும் தேநீர் வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும். திரும்பி வந்து குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோட்டை வாயிலுக்கு வெளியே ஒரு சின்னக் குளம், விளிம்புவரை தண்ணீர், சுற்றிலும் கல் பாவிய தளம். முகமெல்லாம் புழுதி. சிலர் முகம் கால் கழுவினார்கள். பிறகு வாயிலில் காவலரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வெள்ளைத் தாடி வைத்த முதியவர் ஒருவர், தேடர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு வந்தார். தேடர் என்பது அங்கே தீண்டப்படாதவர்களை இழிவாகச் சொல்லும் பெயர். கூட்டம் சேர்ந்தது. அது ரமலான் மாதம். வசவு வந்தவர்களோடு நிற்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று உள்ளூர் மக்கள்மீதும் பாய்ந்தது. அம்பேத்கருக்குப் பொறுமை போனது. இதுதான் உங்கள் மதம் சொல்கிறதா, இந்த மனிதன் நாளை முஸ்லிமாக மாறினால் அப்போதும் தடுப்பீர்களா என்று கேட்டார். பதில் இல்லை.

கடைசியில் உள்ளே விட்டார்கள், ஒரு நிபந்தனையோடு. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது. தொடுகிறார்களா என்று பார்க்கத் துப்பாக்கியோடு ஒரு சிப்பாயும் கூடவே வந்தான். சுற்றுலாவுக்குக் கிடைத்த வழிகாட்டி அவன்தான்!

இதை முஸ்லிம்களுக்கு எதிரான ஆதாரமாக எடுத்து வீசுகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்த நூலின் மற்றப் பக்கங்களைப் படிப்பதில்லை. அதில் பார்சிகள் வருகிறார்கள், இந்து மருத்துவர் வருகிறார், கிறித்தவ நண்பரும் வருகிறார். சாதி எல்லா வீட்டிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

அவருடைய வேறு சில பயணங்களையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1901 கோடை விடுமுறை. அப்பா கோரேகானில் காசாளர். பிள்ளைகளை வரச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி என்று முதல் தொலைதூரப் பயணத்துக்கு அலங்காரம் நடக்கிறது. மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப் போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் மகார்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வருவதாக ஏற்பாடாகிறது. கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிப் பார்த்தும் கிடைக்கவில்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியாகப் படுத்தார்கள். சாதி பட்டினி போடுவதற்குச் சோற்றைப் பறிக்க வேண்டியதில்லை, ஒரு குவளைத் தண்ணீரை மறித்தால் போதும்.

பரோடா 1917. மன்னரின் உதவிப் பணத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு வேலைக்கு வந்தவருக்கு ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்து, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்குகிறார். மின்விளக்கு இல்லை, ஓர் அரிக்கேன் விளக்கு. பக்கத்துக் கூடத்தில் உடைந்த நாற்காலிகளும் வௌவால்களும். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு டஜன் பேர் மாடியேறி வந்தார்கள். மாலைக்குள் காலி செய் என்றார்கள். நண்பர் வீடுகளிலும் இடம் கிடைக்கவில்லை. இரவு ரயில் வரும்வரை காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

1929 சாலிஸ்கானில் நடந்தது வேறு வகை. அங்குள்ள மகார்கள் ஓர் இரவு எங்களோடு தங்க வேண்டும் என்று வற்புறுத்தி இறக்கினார்கள். மகார்வாடா, அதாவது நம் ஊர்ச் சேரி, நடந்தே போகிற தூரத்தில் இருந்தது. ஆனால் நம் தலைவரை எப்படி நடக்க விடுவது? குதிரை வண்டிக்காரர்கள் யாரும் ஓட்ட மறுக்க, வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் தட்டி அம்பேத்கர் தூக்கி வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. அந்த மக்கள்மீது அவருக்குக் கோபம் வரவில்லை. நமக்கும் வரக்கூடாது. விருந்தாளியை மரியாதையாக அழைத்துப்போக ஒரு வண்டிகூடக் கிடைக்காத மக்களின் விருந்தோம்பல் அது.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இதற்கு ஒரு புத்தகமே போட்டார்கள். நியூயார்க் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்', எந்த ஊரில் எந்த விடுதியில், எந்த வீட்டில், எந்த உணவகத்தில் அவமானப்படாமல் இறங்கலாம் என்று பட்டியல் போட்டது. முப்பது ஆண்டு வந்தது. 1964 குடிமை உரிமைச் சட்டம் விடுதிகளையும் உணவகங்களையும் எல்லாருக்கும் திறந்தது. அட்லாண்டாவின் 216 அறை கொண்ட ஒரு மோட்டல் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் அதே ஆண்டு டிசம்பரில் தோற்றது. நம்மிடம் அப்படி அச்சுப் புத்தகம் இருக்கவில்லை. இன்ன ஊர் போனால் இன்னார் வீட்டில் இறங்கு என்று வாய் வழியாகப் போன செய்திதான் நம் வழிகாட்டி. தௌலதாபாத் எல்லையில் தேநீரோடு நின்றவர்கள் அதில் ஒரு பக்கம். திரும்பி வந்து அந்தத் தேநீரைக் குடித்தார்களா என்று அம்பேத்கர் எழுதவில்லை. நமக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இப்போது அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படியுங்கள். கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள். கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள். சட்டக் கல்லூரியில் இதை மனப்பாடப் பகுதியாக நடத்துவார்கள். நமக்கோ ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஊர் தெரிகிறது: குளம் என்றால் தௌலதாபாத், விடுதி என்றால் பரோடா. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் கடை என்றால் எது என்ற கேள்வி எழுந்தபோது, சேவை தருகிறேன் என்று எவர் முன்வந்தாலும் அது கடைதான் என்று அம்பேத்கர் விரிவாகவே பொருள் சொன்னார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் அதே நாளில்தான் சபைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இரட்டைமலை சீனிவாசன் 1924லேயே பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவே 1957இல் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

இன்று அறையைக் கைபேசியிலேயே பதிவு செய்கிறோம். மலை ஊர்களில் வீட்டையே விடுதியாக்கி வீட்டுச் சாப்பாடும் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் சொந்த ஊர் எது என்று கேட்டுவிட்டு, ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும்போது நமக்குப் புரிகிறது. இது என் வீடு, யாரை விடுவது என்பது என் விருப்பம் என்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 முதல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது, ஹோட்டல் என்ற சொல்லுக்குள் உண்டு தங்கும் விடுதி, தங்கும் இல்லம், காபிக் கடை எல்லாவற்றையும் அடக்குகிறது. விடுதியில் உள்ள பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாகப் பயன்படுத்த விடாததும் குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு அறை தருகிற வீடு மட்டும் இதற்கு வெளியே என்பதை நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் சட்டத்தின் பெயரையும் பிரிவு 4ஐயும் சொல்லுங்கள். கேள்வியைக் கேட்டவரின் பெயர், தேதி, நேரம், கூட இருந்தவர்கள் யார் என்று அங்கேயே எழுதி வையுங்கள்.

விடுமுறையில் எங்கே போகலாம் என்று கேட்கும் மாணவத் தோழர்களுக்கு எங்கள் யோசனை இதுதான். நாசிக்கில் தொடங்குங்கள். வழியில் ஏவலா, அந்தச் சுற்றுலா போன மறு ஆண்டு, 1935 அக்டோபரில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தது அங்கேதான். அப்புறம் தௌலதாபாத் கோட்டை. அப்புறம் எல்லோரா, முதல் 12 குகைகள் பௌத்தக் குகைகள், அவற்றுக்கு ஒரு முழுக் காலையாவது ஒதுக்குங்கள். ஔரங்காபாத் நகரில் 1950இல் அவர் தொடங்கிய மிலிந்த் கல்லூரியையும் பாருங்கள். நகரின் பெயர் இப்போது சத்ரபதி சம்பாஜிநகர், பயணச்சீட்டில் அப்படித்தான் இருக்கும். கிளம்புமுன் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் ஒன்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அந்தக் காலத்தில் வெளியூர் போனால் யார் வீட்டில் இறங்கினீர்கள், என்ன சாப்பாடு போட்டார்கள், தண்ணீர் எதில் கொடுத்தார்கள்?