இலண்டன் இந்தியா ஹவுஸும் தமிழ் மாணவர்களும்

இந்தியா ஹவுஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இயங்கிய இந்திய மாணவர் விடுதி. வெளிநாட்டுப் படிப்பு மாணவர்களின் தேசிய உணர்வை எப்படி வார்த்தது என்பதை அறிய இதன் குறுகிய வரலாறு உதவுகிறது.

தோற்றம்

ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா, ஹைகேட் பகுதியில் இதை நிறுவினார். ஆங்கில சோஷலிஸ்டான ஹிண்ட்மன் 1905 ஜூலை 1 அன்று திறந்துவைத்தார். வர்மா கல்வி உதவித்தொகையும் வழங்கினார். அதைப் பெறுபவர் ஆங்கில அரசின் கீழ் வேலை பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. சொந்த ஊரில் சாதியாலும் மாகாணத்தாலும் அறியப்பட்டவர்கள், இங்கே இந்தியர் என்ற அடையாளத்தோடு ஒன்றாக உண்டு, உறங்கி, விவாதித்தனர்.

தமிழ் மாணவர்கள்

திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்றார். பாரதியாரின் ‘இந்தியா’ இதழுக்கு அங்கிருந்து கடிதங்கள் எழுதினார். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பட்டம் பெறவில்லை. 1910-இல் காவல்துறையிடமிருந்து மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார்.

மருத்துவம் படிக்கச் சென்ற டி.எஸ்.எஸ். ராஜனும் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தார். 1909 அக்டோபரில் இந்திய மாணவர்கள் இலண்டனில் நடத்திய தசரா விருந்துக்குக் காந்தி தலைமை தாங்கினார். அவர் முன்னதாகவே வந்து, யாரென்று தெரியாமலே சமையல் வேலைகளில் மற்றவர்களோடு கைகொடுத்தார் என்றும், ஐயர் வந்த பிறகே ஆளை அடையாளம் கண்டார்கள் என்றும் ராஜன் பதிவு செய்துள்ளார். ஆயுதப் போராட்டத்தை வலியுறுத்திய சாவர்க்கரும் அந்த விருந்தில் பேசினார்.

பின்விளைவு

1909 ஜூலையில் பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா, ஆங்கில அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் காவல்துறையின் கெடுபிடி முற்றி, விடுதி விரைவில் மூடப்பட்டது.

அங்கே பழகியவர்கள் பின்னாளில் ஒரே வழியில் செல்லவில்லை. ராஜன் காந்தியவாதியானார், 1930-இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை திருச்சியில் அவர் வீட்டிலிருந்தே புறப்பட்டது. சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சார்யா, 1920-இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியை அமைத்தவர்களில் ஒருவர்.

ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காகத் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனிப்பந்தி நடந்ததைப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தனர். அயல்நாட்டில் ஊறிய தேசிய உணர்வால் சொந்த மண்ணின் சாதி வேற்றுமையைத் தீர்க்க முடியவில்லை. சர்ச்சைக்கிடையே பொறுப்பிலிருந்து விலகிய ஐயர், 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார்.