ஒரு நதியின் வரவு செலவு

வரவறிந்து செலவு செய்தல் குடும்பத்துக்கு மட்டும் உரிய நெறியன்று. ஆற்றுநீரை நம்பி வாழும் நாடுகளுக்கும் அதுவே நெறியாகும். ஆற்று வடிநிலம் ஒன்றிற்கு மழையும் பனியும் வரவு. வெயிலில் ஆவியாவதும், மரஞ்செடிகள் உறிஞ்சுவதும், வயலுக்கும் நகருக்கும் எடுப்பதும், கடலிற் கலப்பதும் செலவு. நீர்த்தேக்கத்திலும் நிலத்தடியிலும் எஞ்சி நிற்பது இருப்பு. இக்கணக்கையே அறிஞர் நீர்ச்சமநிலை என்பர். மழை மிகுந்த நாட்டில் இக்கணக்கிற் பிழை நேர்ந்தால் ஆறு பொறுத்துக்கொள்ளும். வறண்ட நாட்டில் பொறுக்காது. இதற்கு அமெரிக்காவின் கொலறாடோ நதியே சான்று.

றொக்கி மலைத்தொடரின் பனியிலே பிறக்கும் இந்நதி, பாலைநிலங்களை ஊடறுத்து ஏறத்தாழ 2,300 கிலோமீற்றர் ஓடி, மெக்சிக்கோவிலே கலிபோர்ணியா வளைகுடாவை அடைந்துவந்தது. அதன் நீருக்கு ஏழு மாநிலங்கள் உரிமை கோரின. கலிபோர்ணியா விரைந்து வளர்வதைக் கண்ட ஏனையவை, முந்தியவர் கைக்கே நதி போய்விடுமோ என அஞ்சின. ஆகவே 1922 நவம்பர் 24ஆந் திகதி, அப்போது வர்த்தகச் செயலாளராயிருந்த ஹேர்பேட் ஹூவரின் தலைமையில், சாந்தா பே நகரிலே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மேல்வடிநிலத்துக்கு ஆண்டுதோறும் 75 இலட்சம் ஏக்கர் அடி; கீழ்வடிநிலத்துக்கும் அதேயளவு. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஏக்கர் அடி என்பது. 1944ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் மெக்சிக்கோவுக்கும் 15 இலட்சம் ஏக்கர் அடி உறுதியளிக்கப்பட்டது. ஆக, பங்கிட்ட தொகை 165 இலட்சம்.

நதியில் அவ்வளவு நீர் உண்டா? யூமா நகரிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக எடுத்த அளவுகளையே பங்கிட்டோர் பெரிதும் நம்பினர். அவ்வாண்டுகளோ வழக்கத்துக்கு மாறாக நீர் பெருகிய ஆண்டுகள். நல்ல விளைச்சற் காலத்தை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்தவன் நிலையே அவர்களுக்கும் நேர்ந்தது. எச்சரித்தோர் இல்லாமலுமில்லை. புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த லாறூ என்னும் நீரியலறிஞர், வடிநிலத்திற் பாசனஞ் செய்யத்தக்க நிலம் முழுவதற்கும் நதிநீர் போதாது என 1916ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஆயினும், பெரிய தொகை இருந்தாற்றான் யாவருக்கும் பங்கு கிடைக்கும். யாவருக்கும் பங்கு கிடைத்தாற்றான் உடன்படிக்கை நிறைவேறும். எனவே பெரிய தொகையே நிலைத்தது.

உண்மையை உரைத்தவை மரங்கள். ஈரமான ஆண்டில் மரத்தின் வளையம் தடிக்கும். வறண்ட ஆண்டில் மெலியும். பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்த ஸ்ரொக்ரன், ஜேக்கபி என்னும் இருவர், நூற்றாண்டுக் கணக்கான காலத்துச் சராசரி ஏறத்தாழ 135 இலட்சம் ஏக்கர் அடியே என 1976இல் வெளியிட்டனர். வரவிலும் செலவு 30 இலட்சம் மிகுந்திருந்தது! ஹூவர் அணையின் பின்னே விரிந்த மீட் ஏரியிலிருந்து ஆண்டொன்றுக்கு ஆறடிக்கு மேற்பட்ட நீர் ஆவியாகிறது. இச்செலவை எம்மாநிலமும் தன் பங்கிற் கழித்துக்கொள்ளவில்லை.

2000ஆம் ஆண்டுக்குப் பின் வறட்சியும் வெப்பமும் வரவை இன்னும் குறைத்தன. 2021 ஓகஸ்ட் மாதத்தில் மீட் ஏரிக்கு முதன்முறையாக நீர்ப்பற்றாக்குறை பிரகடனஞ் செய்யப்பட்டது. இன்று நதியை ஆராயும் கணிப்பு முறைகள் ஒரே சராசரியை நம்புவதில்லை. தொடர்ந்து வரும் வறட்சி ஆண்டுகளையும் கணக்கிற் சேர்த்தே இருப்பை மதிப்பிடுகின்றன.

இப்பிழையின் விலையை முதலிற் கொடுத்தவர், பங்கீட்டிலே இடம்பெறாதவர். 1922இல் பூர்வீகக் குடிகள் எவரும் அழைக்கப்படவில்லை. கழிமுகத்தில் மீன்பிடித்து வாழ்ந்த கொக்கொப்பா மக்கள் தங்கள் நதி வற்றக் கண்டனர். 2014இல் இரு நாடுகளும் உடன்பட்டு எட்டு வாரம் நீர் திறந்துவிட்டபோது, வறண்ட மணற்படுக்கையிலே மக்கள் கூடி நதியை வரவேற்றனர். சிறிது காலம் அது கடலையும் தொட்டது.

மனிதர் எழுதும் உடன்படிக்கைக்காக மேகம் மிகுதியாகப் பொழிவதில்லை. நதி தரக்கூடியதை முதலில் அளந்து, பின்னர் பங்கிடுவதே அறிவுடைமை.