கூலிக்கு யார் கூலி கொடுப்பது?

தலைப்பு: கடல் கடந்த தமிழ்ச் சொற்கள் உயர்ந்தனவா? தாழ்ந்தனவா?
அணி: தாழ்ந்தனவே!

எனக்கு முன்னால் பேசி, நான் பேசுவதற்கு நிறைய இடம் விட்டுவைத்திருக்கிற எதிரணி நண்பர்களே!

நான் உழவர்கரைக்காரன் ஐயா. புதுச்சேரிக்குப் பக்கத்திலே இல்லை, புதுச்சேரியோடு ஒட்டியே இருக்கிற ஊர். ஊர்ப் பேரைச் சொன்னாலே நெல் வாசனை வரும். பிரெஞ்சுக்காரன் வந்தான். "உழவர்கரை" என்று சொல்ல அவனுக்கு நாக்கு வளையவில்லை. "உல்காரே" என்று எழுதி வைத்துக்கொண்டான். 1880இல் எங்களைத் தனிக் கொம்யூன் ஆக்கியபோதும் அவன் ஏட்டிலே அதே பேர்தான். அந்தப் பேரிலே கரை இருக்கிற மாதிரி இருக்கு. உழவர் எங்கே? காணோம்! என் ஊர்ப் பேரே என் அணிக்கு முதல் சாட்சி! (கைதட்டல்)

எதிரணித் தலைவி அழகாகப் பேசினாங்க. "நம்ம கட்டுமரம்தானே இன்னைக்கு உலகம் பூரா கேட்டமரான் என்று சொகுசுக் கப்பலா ஓடுது" என்றார்கள். உண்மைதான். 1697இல் டாம்பியர் என்கிற மாலுமி தன் பயணப் புத்தகத்தில் கட்டுமரத்தை எழுதினார். 1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டினார். அந்த வகைப் படகுக்கு எல்லாம் இந்தப் பேரே நின்றுபோச்சு. மறுக்கவில்லை. ஆனா அம்மா, நடுவிலே இரண்டு பக்கத்தைப் புரட்டிட்டீங்களே! 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களை அழிக்க இங்கிலாந்துக்காரன் வெடிமருந்துப் பெட்டிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டான். அதுக்கு வெச்ச பேரும் கேட்டமரான்! அதோடு விட்டானா? ஆங்கிலத்திலே சண்டைக்காரப் பெண்மணிக்கும் ஒரு காலத்தில் கேட்டமரான் என்றுதான் பேர். நடுவர் அவர்களே, நீங்க ஏன் எதிரணித் தலைவியைப் பார்த்துச் சிரிக்கிறீங்க? நான் அகராதியைத்தான் சொன்னேன்! (சிரிப்பு)

சரி, கட்டுமரத்தை அவங்களுக்கே கொடுத்துடறேன். நான் எடுத்துவந்தது ஒரே ஒரு சொல். கூலி.

எங்க ஆயா அறுப்புக்குப் போகும். சாயங்காலம் களத்துமேட்டில் நெல்லை அளந்து போடுவாங்க. மடியிலே கட்டிக்கிட்டு வந்து, "இன்னைக்குக் கூலி நல்லா அளந்தாங்கடா" என்று சொல்லும். கவனிக்கணும். ஆயாவுக்குக் கூலி என்றால் நெல்லு. உழைப்புக்கு வர்ற பலன். திருவள்ளுவர் கூட ஆள்வினையுடைமை அதிகாரத்திலே முயற்சிக்குக் கிடைக்கும் பலனுக்கு இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். தெய்வத்தால் ஆகாததும் உழைப்பால் ஆகும் என்று சொல்கிற இடத்திலே வருகிற சொல் ஐயா இது! எவ்வளவு உயரத்திலே இருந்த சொல்!

அந்த வேலையைச் செய்கிற மனிதருக்கு நாம் என்ன பேர் வைத்தோம்? கூலியாள். கூலிக்காரர். ஆங்கிலக்காரன் என்ன செய்தான்? கூலியாள் என்பதில் ஆளை வெட்டி எறிந்துவிட்டு, கூலியை மட்டும் வைத்துக்கொண்டான்! கையில் கொடுக்கிற காசின் பேரை எடுத்து, கை நீட்டுகிற மனிதனுக்கே வைத்துவிட்டான்! (பலத்த கைதட்டல்)

உடனே எதிரணியில் ஒருவர் எழுந்திருப்பார். "இது தமிழே இல்லை, குஜராத் பக்கத்துக் கோலி என்கிற இனத்தாரின் பெயர்" என்பார். அப்படிச் சொல்கிற அறிஞர்களும் உண்டு. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டு பக்கமும் பேசுகிறது. இருக்கட்டுமே! பிறந்த வீடு எதுவானாலும், சோழமண்டலக் கரைக்கு வந்ததும் நம்ம கூலியோடு ஒன்றாகிப்போனது. கப்பல் ஏறும்போது அதுக்குத் துணையா ஏறினது நம்ம ஜனம்!

முதலில் இந்தச் சொல்லுக்குச் சுமை தூக்குகிறவர் என்று பொருள். அப்புறம் தினக்கூலிக்கு வேலை செய்கிற யாரும் கூலி. அது வரைக்கும் கூடப் பரவாயில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தச் சொல் பெருத்துப் போச்சு. எதைத் தின்று பெருத்தது தெரியுமா? கரும்பு!

பிரெஞ்சுக்காரர்கள் 1848இல் தங்கள் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். நல்ல காரியம். ஆனா கரும்பை யார் வெட்டுவது? எங்க புதுச்சேரி, காரைக்கால் துறைமுகம் அவங்க கண்ணிலே பட்டது. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கைகள் அதிலே ரேகை வெச்சது. 1853இல் 'ஓரெலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து போய் மார்த்தினிக் தீவில் நம்ம ஆட்களை இறக்கியது. அடுத்த வருஷம் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் போனது. அங்கே மட்டும் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860இல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போனது. சீனாவிலிருந்து போனவர்களுக்கும் இதே பேர்தான். ஊர் வேறு, மொழி வேறு, பேர் மட்டும் ஒன்று. கூலி!

அதோடு நின்றதா? வேலையின் பேராக இருந்தது நிறத்தின் பேராக மாறியது. 1893இல் ஒரு பாரிஸ்டர் தென்னாப்பிரிக்காவில் போய் இறங்கினார். லண்டனில் படித்தவர், கோட்டு போட்டவர். அவருக்கு என்ன பேர்? கூலி பாரிஸ்டர்! கடை வைத்திருந்தவர் கூலி வியாபாரி! காந்தியடிகளே தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றும் எழுதுகிறார். ராமசாமி, முனுசாமி என்ற பேர்களைக் கேட்டு, இந்தியரையெல்லாம் 'சாமி' என்று வெள்ளையர் ஏளனமாகக் கூப்பிட்டார்களாம். விவரமான ஆட்கள் திருப்பிச் சொல்வார்களாம்: "சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம். நான் உனக்கு எஜமான் இல்லையே!" (சிரிப்பு, கைதட்டல்) நம்ம ஆளு அடி வாங்கும்போதும் அகராதியைக் கையிலே வெச்சிருந்திருக்கான் பாருங்க!

சிரித்தாச்சு. இப்ப ஒன்று சொல்லணும். என் வாயிலே வந்த தப்பைச் சொல்லணும்.

இருபது வயசு இருக்கும். எழும்பூர் ரயில் நிலையம். கையிலே பெரிய டிரங்குப் பெட்டி. படிச்ச திமிர். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெரியவரைப் பார்த்து, "ஏய் கூலி, இங்க வா!" என்று கூப்பிட்டேன். வந்தார். பெட்டியைத் தலையில் வைத்தார். வண்டிக்குள்ளே ஏற்றினார். நான் காசை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, அந்தக் காசைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, கூலின்றது இது. நான் ஆளு."

நடுவர் அவர்களே! எங்க ஆயா சொன்ன தமிழை அந்தப் பெரியவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். ஆங்கிலக்காரன் ஆளை வெட்டினான் என்று இவ்வளவு நேரம் கத்தினேனே, அன்றைக்கு அந்தக் கத்தி என் கையிலே இருந்தது! கடல் கடந்து போய்க் கெட்ட பொருளோடு திரும்பி வந்த சொல்லை, நாமும் அப்படியே வாங்கிப் பேசினோம். ரயில்வேயில் 2016இல் கூலி என்பதை 'சகாயக்' என்று மாற்ற அறிவித்தார்கள். மாற்றட்டும், நல்லதுதான். ஆனா சகாயக்கையும் "ஏய்" போட்டுக் கூப்பிட்டால், அந்தச் சொல்லும் ஒரு நாள் தாழ்ந்துதான் போகும்.

"2025இல் ரஜினி படத்துக்கே கூலி என்று பேர் வந்துவிட்டதே, சொல் உயர்ந்துவிட்டதே" என்று எதிரணி கேட்கலாம். ஐயா, சொல் தானா உயரவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம் என்று ஒருவர். நம்ம சிதம்பரம்தான், எழுத்து மட்டும் பிரெஞ்சு! அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும், பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க வேண்டும் என்று 1904இல் தொடங்கியவர், 1923இல் வென்றார். பத்தொன்பது வருஷம்! இங்கே எங்கள் புதுவையில் 1936 ஜூலை 30ஆம் நாள் உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை வந்தது. மொரீஷியஸில் நம்மவர்கள் இறங்கிய படித்துறைக்குக் 'கூலி காட்' என்று பேர் இருந்தது. இன்று அது 'ஆப்ரவாசி காட்', குடியேறியவர் துறை. 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அந்த மண்ணிலே பிறந்த கவிஞர் கால் தொராபுலி, கூலி என்ற வசைச் சொல்லையே எடுத்து, 1990களில் 'கூலித்துவம்' என்று ஒரு சிந்தனைக்குப் பேராக்கினார்.

ஆகவே நடுவர் அவர்களே! கடல் கடந்த கட்டுமரம் உயர்ந்தது என்றால், அது மரம், அதுக்கு வலிக்காது. கூலி என்ற சொல்லோடு போனது மனிதன். சொல் தாழ்ந்தபோது அவனும் தாழ்த்தப்பட்டான். அவன் நிமிர்ந்த பிறகுதான் சொல்லும் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நிமிர்வுக்கான பெருமை சொல்லுக்கு அல்ல, அவன் பட்ட பாட்டுக்கு!

வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் வீட்டு வேலைக்கு ஒருவர் வந்தால், "கூலி வந்திருக்கு" என்று சொல்லாதீர்கள். "ஆள் வந்திருக்கார்" என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தொலைந்த அந்த 'ஆள்' தமிழிலாவது இருக்கட்டும். கூலி அவர் போகும்போது கொடுக்க வேண்டியது. அதையும் குறைக்காமல் கொடுங்கள்!

கடல் கடந்த சொற்கள் தாழ்ந்தனவே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.